இந்த ஊருக்கு எதுக்கு ஹீட்டர்?

இந்த நாட்டில் கார் போனட்டைத் திறந்தால் போதும், நாலு ஆம்பளைகள் எங்கிருந்தோ முளைத்து வந்துவிடுவார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். ஒருத்தன் எதையாவது தொட்டுச் சுட்டுக்கொண்டு கையை உதறுவான். பிறகு நாலு பேரும் ஒரே வாயாக "கேஸ் போச்சு" என்பார்கள். ஏர்கான் கேஸைச் சொல்கிறார்கள். டயர் பஞ்சரானாலும் இவர்கள் கேஸ் போச்சு என்றுதான் சொல்வார்கள் போலிருக்கிறது. இந்த வர்க்கத்தின் மேல் எனக்குக் கொஞ்சநஞ்ச மரியாதை இருந்தது. என் கார் ஹீட்டரைச் சரி பண்ண அலைந்தபோது அதுவும் போய்விட்டது.

ஆமாம், ஹீட்டர்தான். மலாக்கா பக்கம், வெயில் மண்டையைப் பிளக்கிற செலண்டாரில் குடியிருந்துகொண்டு எனக்குக் கார் ஹீட்டர் வேண்டியிருந்தது. சிரிக்கிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள்.

என் வீட்டுக்காரருக்கு இனிப்புநீர், சர்க்கரை வியாதிதான், முற்றிக் கிட்னி இரண்டும் கைவிட்டுவிட்டது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் மலாக்கா டவுனுக்குக் கூட்டிப்போய் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். கையில் நரம்பு சரியாக அமையாததால் கழுத்துக்குக் கீழே, நெஞ்சில் ஒரு குழாயைச் செருகி வைத்திருந்தார்கள். மத்தியானம் அங்கே டயாலிசிஸ் நாற்காலியில் சாய்ந்தால், உடம்பிலுள்ள இரத்தமெல்லாம் வெளியே போய் மெஷினைச் சுற்றித் திரும்பி வந்து முடிய சாயங்காலம் ஆகிவிடும். அந்த அறையிலும் ஏர்கானை ஐஸ் பெட்டி கணக்காய் வைத்திருப்பார்கள். வெளியே வரும்போது மனுஷனுக்குப் பல் கிட்டும். காரில் ஏறியும் நடுக்கம் நிற்காது. பத்து பெரண்டாம், டுரியான் துங்கால் என்று இரண்டு ஊரைத் தாண்டி வீடு வந்து சேர்கிற வரைக்கும் கை இரண்டையும் தொடை நடுவில் இடுக்கிக்கொண்டு முனகிக்கொண்டே வருவார்.

போர்வை போர்த்தவில்லையா என்று கேட்பீர்கள். எல்லாரும் கேட்டார்கள். இரண்டு போர்வை போர்த்தினேன். கேமரன் மலையில் வாங்கிய ஸ்வெட்டரைப் போட்டுவிட்டேன். சுடுதண்ணீர்ப் பையைக் காலடியில் வைத்தேன். இனிப்புநீர்க் காலுக்கு உணர்ச்சி இல்லை, பாதம் வெந்து கொப்புளம் போட்டது அவருக்கே தெரியவில்லை. அந்தப் புண் ஆறுவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. ஏர்கானை அடைத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். சாயங்காலம் தவறாமல் மழை பெய்கிற மாதம் அது. ஏர்கானை அடைத்த அஞ்சு நிமிஷத்தில் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து, எதிரே வருகிற, செம்பனைக் குலை ஏற்றிய லாரிகூடத் தெரியாது. ஏர்கானைப் போட்டால் அவர் நடுங்குவார், அடைத்தால் இரண்டு பேரும் சேர்ந்து போய்ச் சேருவோம்.

ஒரு வியாழக்கிழமை, ரோட்டோரம் காரை நிறுத்திக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடியபடியே சொன்னார்: "நான் இனிமே வரல."

"எங்க வரல?"

"இதுக்குத்தான். சனிக்கெழமை என்னை எழுப்பாத. கொழாய மாட்டுறதுகூட பரவால்ல. இந்தக் குளிரு தாங்க முடியல. போனா போறேன், விடு."

இரத்தம் சுத்தம் செய்யப் போகாவிட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பக்கத்து நாற்காலியில் படுத்திருந்த ஒரு சீனர், போதும் என்று நிறுத்தினார். அடுத்த வாரம் அந்த நாற்காலியில் வேறு ஆள்.

தங்கா பத்துவில் இருக்கிற என் நாத்தனாருக்கு, அவருடைய அக்காவுக்குத்தான், போன் போட்டு அழுதேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். "அவன் இஷ்டப்படி விட்டுடும்மா. வயசாச்சு. எதுக்குப் போட்டு இழுத்துக்கிட்டு அலையுற? இருக்கற வரைக்கும் நிம்மதியா இருக்கட்டும்" என்றாள். தம்பி சாவதற்கு அக்கா இவ்வளவு நிதானமாய் அனுமதி கொடுத்ததை நான் எங்கேயும் கேட்டதில்லை. குடும்ப வாட்ஸ்அப்பில் தினமும் காலையில் பூப் படம் போட்டு இனிய காலை வணக்கம் சொல்கிற கூட்டம் இது. ஒரு நாளாவது ஒருத்தர் வந்து, இன்றைக்கு நான் ஓட்டுகிறேன் என்று சொன்னதில்லை.

அவர் உடம்பைச் சரி பண்ண என்னால் முடியாது. ஆனால் காரில் நீல நிறத்திலிருந்து சிவப்பு நிறம் வரைக்கும் போகிற ஒரு குமிழ் இருந்தது. ஜப்பானில் ஓடிப் பழசாகி, புதுப்பித்த ரீகண்ட் வண்டியாக இங்கே வந்த கார் அது. வாங்கிய புதிதில் என் வீட்டுக்காரர், "இதுல ஹீட்டர்லாம் இருக்கு, தெரியுமா? அங்க பனி கொட்டும்ல" என்று தெருவே கேட்கப் பெருமையடித்தார். அன்றையிலிருந்து அந்தக் குமிழ் நீலத்தின் கடைசியில்தான் நின்றது. நான் அதைச் சிவப்புக்குத் திருப்பினேன். வெறும் காற்றுதான் வந்தது, சூடும் இல்லை, குளிரும் இல்லை. ஈரத்துணி நாற்றம் மட்டும் அடித்தது.

டவுனில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். ஹீட்டர் வேலை செய்யவில்லை என்றேன். அங்கே இருந்தவன் காதைத் தேய்த்துக்கொண்டு, "ஏர்கானாக்கா?" என்றான்.

"ஏர்கான் இல்ல. ஹீட்டர். சூடு வரணும்."

அவன் உள்ளே திரும்பி இரண்டு பேரைக் கூப்பிட்டான். மூன்று பேரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். "அக்கா, வெளியில வந்து நில்லுங்கக்கா. அதான் ஹீட்டர், ஃப்ரீ லா" என்று சொல்லிச் சிரித்தார்கள். பிறகு கேஸ் அடித்துவிடட்டுமா என்று கேட்டார்கள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே காரை எடுத்தேன். அவர்களுக்கு அதுவும் புரிந்திருக்காது.

அடுத்து, என் வீட்டுக்காரரின் சிநேகிதரிடம் போனேன். செலண்டாரிலேயே ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறார். காரை வாங்கிய நாளிலிருந்து அவர்தான் பார்க்கிறார். பார்க்கிறார் என்றால், போனட்டைத் திறந்து வைத்துவிட்டு இரண்டு பேரும் கோப்பி குடித்துக்கொண்டு அரசியல் பேசுவார்கள். அவர் மேல் என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு பக்தி. அவர் தொட்டால் இஞ்சின் பேசுமாம்.

"ஹீட்டரா?" என்றார் அவர். "அது எப்படிம்மா வரும்? அதை நாந்தான் எப்பவோ கட் பண்ணிட்டேனே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கட் பண்ணிட்டீங்களா?"

"இஞ்சின் சுடுதண்ணி ஓடுற ஓஸ், ரப்பர் கொழாய், ரெண்டு உள்ள போயிட்டு வரும் தங்கச்சி. பழைய காருல்ல, லீக் ஆனா தொல்லை. அதான் உள்ள அனுப்பாம ரெண்டையும் சேர்த்து வளைச்சு விட்டேன். எல்லாருக்கும் அப்படித்தான் செய்யுறது. இந்த ஊருக்கு எதுக்கு ஹீட்டர்?"

"எங்கிட்ட சொன்னீங்களா?"

"அவன்கிட்ட சொன்னேனே."

என் வீட்டுக்காரரிடம் சொன்னாராம். அவர் என்னிடம் சொல்லவில்லை. வண்டியை ஓட்டுவது நான், பெட்ரோல் ஊற்றுவது நான், ஆனால் வண்டிக்குள் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்பது இரண்டு ஆம்பளைகளுக்கு நடுவிலிருக்கிற பரம ரகசியம். அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அந்தக் கோப்பிக் கோப்பையை எடுத்து எறிந்திருப்பேன். கோப்பி இருந்தது, வீணாகிவிடுமே என்று விட்டுவிட்டேன்.

"திரும்ப மாட்டுங்க" என்றேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எதற்கு என்று கேட்டார், சொன்னேன். சிநேகிதன் சாகப்போகிறேன் என்கிறான் என்றதும் அவர் முகம் கொஞ்சம் மாறியது, அதை நான் மறுக்கவில்லை. ஆனாலும், "போர்வை போத்திவிடலாமே" என்றார். போர்வைக் கதையை அவருக்கும் ஒரு தரம் சொன்னேன்.

ஓஸை மாட்டிப் பார்த்தபோது, டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஹீட்டர் பெட்டி துருப்பிடித்து ஒழுகியது. ஜப்பான் கார்களைப் பாதியாய் வெட்டிக் கொண்டுவந்து விற்கிற ஹாஃப் கட் கடையில் வேறு ஒன்று தேடச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே தேடினார். அது கிடைத்ததும், அவர் மாட்டி முடிக்கும்வரை நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன். நான் உட்கார்ந்திருந்ததால் அன்றைக்கு அரசியல் பேச முடியாமல் போயிற்று. பெட்டி கிடைப்பதற்குள் வந்த சனிக்கிழமை என் வீட்டுக்காரரை எப்படி ஏற்றினேன் என்று கேட்காதீர்கள். கெஞ்சினேன், திட்டினேன், நீங்க வராட்டி நானும் சோறு திங்க மாட்டேன் என்று தட்டைத் தள்ளினேன். ஹீட்டர் வந்துவிடும், அது வந்தும் குளிரினால் நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சத்தியம் பண்ணித்தான் ஏற்றினேன்.

ஆக, ஹீட்டர் வேலை செய்தே ஆக வேண்டும்.

வேலை முடிந்தது. ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தி வைத்துப் போட்டால் சூடு வந்தது. அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். செவ்வாய்க்கிழமை திரும்பி வரும்போது ரோட்டில் வேகம் பிடித்ததும் காற்று ஆறிப்போனது. பத்து பெரண்டாமில் ஃபேக்டரி விடுகிற நேரத்து ஜாமில் நின்றபோது மறுபடியும் சூடு. ஜாம் விட்டு ஓட ஆரம்பித்ததும் காற்று பச்சைத்தண்ணீர் மாதிரி. பக்கத்தில் என் வீட்டுக்காரர் நடுங்கிக்கொண்டே, "இதுதான் உன் ஹீட்டரா?" என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாய் வந்தன.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னேன். "பழைய காரு அவ்ளோதான் வரும் தங்கச்சி, போதும் லா" என்றார். இந்தப் 'போதும் லா'வைக் கண்டுபிடித்தவன் மட்டும் என் கையில் கிடைக்க வேண்டும். முன்பு ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் நான் சர்க்யூட் போர்டு டெஸ்டிங் லைனில் வேலை பார்த்தவள். போர்டு ஓடவில்லை என்றால் தூக்கிப் போடு என்று சொல்ல எந்த மடையனாலும் முடியும். எதுவரைக்கும் ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பார்க்கச் சொல்லித்தான் எங்களை உட்கார வைத்திருந்தார்கள். அந்தப் பழக்கம்தான் எனக்கு. நின்றால் சூடு, ஓடினால் குளிர் என்றால் ஓடும்போது இஞ்சின் தண்ணீரே ஆறுகிறது என்று அர்த்தம். அது எப்படி ஆறும்? மீட்டரில் சூடு காட்டுகிற முள் நான் ஓட்டுகிற நேரமெல்லாம் அடியிலேயே படுத்துக் கிடப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாய் அதைப் பார்த்து, நல்ல இஞ்சின், சூடே ஏறாது என்று நானும்தான் நினைத்திருந்தேன்.

"அண்ணே, வேற என்னத்தக் கழட்டுனீங்க?" என்று கேட்டேன்.

அவர் கையிலிருந்த ஸ்பானரைத் துணியால் துடைத்தார். பிறகு, "தெர்மோஸ்டாட்ட எடுத்துட்டேன்" என்றார்.

தண்ணீர் நன்றாய்ச் சூடேறுகிற வரைக்கும் ரேடியேட்டருக்குப் போகவிடாமல் வழியை அடைத்து வைக்கிற சின்ன மூடி அது. இங்கே முக்கால்வாசிப் பழைய கார்களில் அதைப் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். சூடான ஊர், இஞ்சின் குளிர்ந்தே இருக்கட்டும் என்று ஒரு விஞ்ஞானம். இந்த ஊருக்கு எதுக்கு, இந்த ஊருக்கு எதுக்கு! தனக்குத் தெரியாததையெல்லாம் கழற்றி எறிந்துவிட்டு ஊர் மேல் பழி போடுகிறார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான்.

"போடுங்க" என்றேன்.

"போட்டா இஞ்சின் சூடாகும்."

"அதுக்குத்தானே அது இருக்கு!"

போட்டார். முள் எழுந்து நடுவில் வந்து நின்றது. மழையில் ஏர்கானையும் சேர்த்துப் போட்டுக் குமிழைச் சிவப்பில் வைத்தேன். கண்ணாடியில் ஆவியும் இல்லை. காற்று அடுப்படிச் சூட்டில் வந்தது. நின்றாலும் ஓடினாலும் ஒரே சூடு. என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டிக் காற்று வருகிற துவாரத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். டுரியான் துங்கால் வருவதற்குள் தூங்கிவிட்டார். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுக்கொண்டு. எனக்கு வேர்த்து ஊற்றியது. ரவிக்கை முதுகோடு ஒட்டிக்கொண்டது. சிக்னலில் பக்கத்தில் நின்ற மோட்டார்க்காரன் என்னை முறைத்து முறைத்துப் பார்த்தான். பாருடா, நன்றாய்ப் பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மாதிரி சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அதற்குப் பிறகு அவர் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. கிளம்புகிற நேரத்துக்குச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருப்பார். ஹீட்டரைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை நல்லதாய்ச் சொல்லவில்லை. சிநேகிதனிடம் மட்டும் போனில், "நீ கை வச்சா வச்சதுதான்யா" என்று சொன்னது அடுப்படி வரைக்கும் கேட்டது. இந்த ஜென்மங்களைத் திருத்த முடியாது.

இப்படிச் சில வாரங்கள் போயிருக்கும். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் அவரை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். ஹீட்டர் எப்போதும் போல் அடித்தது. அவர் நடுங்கினார். கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் என்று நினைத்தேன். நிற்கவில்லை. குமிழ் சிவப்பின் கடைசியில்தான் இருந்தது. துவாரத்தில் என் கையை வைத்துப் பார்த்தேன், சுட்டது. என் நெற்றி வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. அவரோ சீட் ஆட ஆட நடுங்கினார். "குளுருது, குளுருது" என்றார், குரலே சரியாக எழும்பவில்லை.

கார் சரியாக இருந்தது. அப்படியென்றால் கெட்டுப்போனது கார் இல்லை.

ஹீட்டர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் நானும் எல்லாரையும் போல, இரத்தம் சுத்தம் பண்ணினால் இப்படித்தான் குளிரும் என்று இன்னொரு போர்வையைப் போர்த்தி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருப்பேன். அன்றைக்கு அந்தச் சாக்கு என்னிடம் இல்லை. பத்து பெரண்டாம் சிக்னலில் யு-டர்ன் அடித்தேன். பின்னால் வந்தவன் ஹார்னை விடாமல் அழுத்தினான். அழுத்திக்கொள் என்று டவுன் பெரியாஸ்பத்திரிக்கு விட்டேன்.

எமர்ஜென்சியில் ஒரு சின்ன டாக்டர், "டயாலிசிஸ் பேஷண்டுக்குக் குளிரும்மா, சாதாரணம்" என்று ஆரம்பித்தார். "கார்ல ஹீட்டர் போட்டுக் கொண்டாந்திருக்கேன். என்னைப் பாருங்க!" என்று கத்தினேன். தலையிலிருந்து கால் வரைக்கும் குளித்தவள் மாதிரி நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் வீட்டுக்காரரின் சட்டைப் பித்தானைக் கழற்றி, குழாய் செருகியிருந்த இடத்தைப் பார்த்தார். அதன் பிறகு யாரும் சாதாரணம் என்று சொல்லவில்லை, எல்லாரும் ஓடினார்கள். குழாயில் கிருமி பிடித்து இரத்தத்தில் இறங்கிவிட்டிருந்தது. மறுநாள் காலை வரைக்கும் விட்டிருந்தால் பிழைப்பதே கஷ்டம் என்று பெரிய டாக்டர் சொன்னார்.

மூன்றாம் நாள் வார்டில் அவர் கண்ணைத் திறந்து பேச ஆரம்பித்த பிறகு, நாத்தனார் தங்கா பத்துவிலிருந்து ஆரஞ்சுப் பழத்தோடு வந்து சேர்ந்தாள். கிட்னி போனவருக்கு ஆரஞ்சு ஆகாது என்று எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறேன். உட்கார்ந்தாள், தம்பி நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள், என் பக்கம் திரும்பினாள்.

"நம்ம ஊரு வெயில்ல கார்ல ஹீட்டரப் போட்டா காய்ச்சல் வராம என்ன செய்யும்? கூத்தால்ல இருக்கு" என்றாள்.

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அவள் நிறுத்தவில்லை. "அவன் வேணாம்னா விடேன். ஏன் இப்படிப் புடிச்சு இழுக்குற? அவனைப் படுத்தி உனக்கு என்ன கெடைக்குது?"

அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வாடிப்போன முகம், மூன்று நாள் தாடி. அவருக்கும் அந்தப் பதில் தெரிய வேண்டும் போலிருந்தது. கடமை, தாலி, பாவம் புண்ணியம் என்று சொல்லியிருக்கலாம். நாத்தனார் அதைத்தான் எதிர்பார்த்தாள்.

"எனக்கு இவரு வேணும் அண்ணி" என்றேன். "வேற எதுக்கு?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் சொன்னதே இல்லை, அதுவும் இன்னொருத்தர் முன்னால். சொன்னதும் காதெல்லாம் சூடாகிவிட்டது. நாத்தனார் ஆரஞ்சுப் பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். என் வீட்டுக்காரர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. குளிர்கிறதோ என்று பதறிப்போய்க் கிட்டே போனேன், குளிர் இல்லை. சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"வீட்டுக்குப் போனப்புறம், செவ்வாக்கெழமை எத்தனை மணிக்குக் கெளம்பணும்?"